இடப்பக்கமாகச் சுற்றிய வண்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வயசு பார்க்கத் தெரிவதில்லை. நரைத்த தலையைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்ட காலமெல்லாம் பிளேக் வந்த வருஷத்தோடு போயிற்று. இப்போது மீசை கறுத்தவனெல்லாம் அறுபது வயசுக்காரனைப் பார்த்துத் "தம்பி, எவ்விடம்?" என்கிறான். ரயிலில் இடிக்கிறான். மோட்டாரில் போகிறவன் புழுதியை வாரி மூஞ்சியில் அடித்துவிட்டுப் பல்லைக் காட்டுகிறான். இதையெல்லாம் மனசுக்குள் வைதுகொண்டே கரியப்பன் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தென்பாலத்தைத் தாண்டி வந்தபோதுதான் அந்தக் கூண்டு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டது.

"தம்பி, கால் நொண்டுதே. ஏறிக்கோ."

வண்டி வந்த சத்தமே அவருக்குக் கேட்கவில்லை. முதலில் பிடிக்காமல் போனது அதுதான். மாடுகளின் கழுத்தில் வெண்கல மணி தொங்கியது. தொங்கி என்ன பிரயோஜனம், மணியின் நாக்கில் பழந்துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ராத்திரியில் அடுத்தவன் களத்து நெல்லை ஏற்றிக்கொண்டு போகிறவன்தான் மணி நாக்கைக் கட்டுவான். பட்டப்பகலில் கட்டிக்கொண்டு வருகிற யோக்கியனை அவர் இதுவரை பார்த்ததில்லை.

முன்பலகையில் வண்டி ஓட்டுகிறவன், கொளுத்துகிற வெயிலில் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்பவில்லை. கூண்டுக்குள் ஒரு ஆணும் பெண்ணும். ஆணுக்கு நாற்பது இருக்கலாம், தலையில் ஒரு நரை கிடையாது. இவன்தான் தம்பி என்றவன். அந்தப் பெண் மடியில் வெற்றிலையை வைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

கரியப்பன் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. கொள்ளேகாலத்துப் பக்கம் அவர் ஊரில் கேட்டால் சொல்வார்கள், பால்காரனிடம் வாங்கின பாலையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே கொண்டுபோவார் என்று. ஆனால் செருப்பு கடித்த குதிகால் ஓரணாக் காசு போலக் கொப்பளித்திருந்தது. விடிவதற்கு முன்னால் மைசூர் அக்ரஹாரத்துச் சத்திரத்தில் கிளம்பியவர், இன்னும் தீவின் கிழக்கு முனை வரைக்கும் போக வேண்டும். காவிரி பிரிந்து தீவைச் சுற்றி மறுபடியும் ஒன்று சேருகிற இடம். சங்கமம்.

அவர் முதுகில் துணியால் இறுக்கிக் கட்டியிருந்த மூட்டைக்குள் ஒரு மண்கலயம் இருந்தது. கலயத்துக்குள் அவர் மச்சான் மாதப்பன் இருந்தான். மனைவி பூவாத்தாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் போன அமாவாசைக்கு முன்பு செத்துப்போனவன். எலும்பு பொறுக்கப் பங்காளி என்று ஒருத்தன் இல்லை. அவன் கூட்டமே பிளேக்கில் அழிந்துவிட்டது. கரியப்பன்தான் சாம்பலைக் கிளறிப் பொறுக்கினார். மாமன் மச்சான் முறைக்காரன் செய்கிற வேலையா இது? இல்லை. ஆனால் பூவாத்தாள் விடவில்லை. சங்கமத்தில்தான் கரைக்க வேண்டும் என்று சத்திரம் வரைக்கும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எலும்போடு போகிறவன் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவரும் சொல்லவில்லை. அவள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ராத்திரிக்குள்ள வந்துருங்க. எனக்கு உங்களை விட்டா இப்ப ஆருமில்லை" என்றாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அது வழியெல்லாம் காதில் ஒட்டிக்கொண்டே வந்தது.

"மூட்டையில என்ன?" என்றான் கூண்டுக்காரன்.

"விதைக் கேவுரு."

எலும்பு என்றால் எவன் வண்டியில் ஏற்றுவான்? கலயத்தைத் தரையிலோ பலகையிலோ வைக்கவும் கூடாது. மூட்டையை முதுகிலேயே வைத்துக்கொண்டு அவர் ஏறி ஓரமாக உட்கார்ந்தார். கூண்டுக்குள் வெயிலில் காய்ந்த வைக்கோல் வாசனை, அதற்கு அடியில் பழைய சுண்ணாம்பும் வேப்பிலைப் புகையும் கலந்த ஒரு நெடி. எங்கேயோ முகர்ந்த நெடி. எங்கே என்று பிடிபடவில்லை.

"எந்தூரு தம்பி? என்ன கூட்டம்?"

இதைக் கேட்டதும் கரியப்பனுக்கு ஒரு பக்கம் மனசு குளிர்ந்தது. இப்போதெல்லாம் எவன் இதைக் கேட்கிறான்? அந்தக் காலத்தில் வழியில் இரண்டு பேர் சந்தித்தால் இதுதான் முதல் பேச்சு. கூட்டம் தெரிந்தால் பங்காளியா, மாமன் மச்சானா என்று தெரிந்துவிடும். எப்படிக் கூப்பிடுவது, யார் வீட்டுச் சாவுக்கு யாருக்குத் தீட்டு என்பதெல்லாம் அதில் அடக்கம். இன்னொரு பக்கம் எச்சரிக்கையும் வந்தது. பேரையும் ஊரையும் சொல்லிவைத்தால் நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டு எவனாவது வாசலில் வந்து நிற்பான். சொந்தப் பேர் எதற்கு? செத்தவன் பேரைச் சொன்னால் போயிற்று. செத்தவன் பேரை வைத்துக்கொண்டு எவன் என்ன செய்துவிட முடியும்.

"ஹனூர்ப் பக்கம்" என்றார். "செம்பூத்தன் கூட்டம். பேரு மாதப்பன்."

காம்பு கிள்ளிய கை நின்றது. கம்பளிக்காரனின் முதுகு ஒரு தரம் குலுங்கி அடங்கியது. கூண்டுக்காரன் அவர் முகத்தையே பார்த்தான், நெற்றி, காது, நரைத்த தாடி என்று ஒவ்வொன்றாக. பிறகு மெல்லச் சிரித்தான்.

"கேட்டியா?" என்றான் அந்தப் பெண்ணிடம். "நம்ம பங்காளி."

"நான் அப்பவே சொன்னனே, வந்துருவான்னு" என்றாள் அவள். "என்னமா நரைச்சுப் போச்சு பாரு சாமிக்கு."

சாமி. பெற்ற பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி. அவளுக்கு முப்பத்தஞ்சுக்கு மேல் இருக்காது. கரியப்பனுக்குக் கோபம் வந்தது. பங்காளி என்று சொல்லிக்கொண்டு ஒட்டுகிற திருட்டுக் கூட்டங்களை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கூடவே வருவார்கள், சிரிக்கப் பேசுவார்கள், சோற்றில் ஊமத்தை விதையை அரைத்துப் போடுவார்கள், விழித்துப் பார்த்தால் கோவணம் மிஞ்சாது. நம்மிடம் இருப்பது எலும்புதான். எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வான். அப்படி நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது.

"சங்கமத்துல எறக்கி விட்டாப் போதும்" என்றார்.

"அவசரம் என்ன? தீவைச் சுத்திப் பார்க்கத்தான நாங்களும் வந்தோம். ரங்கநாதர் தேர் பார்த்துட்டு அப்படியே ஒரு சுத்து."

"தேரா? அது தை மாசத்துல. இப்ப ஐப்பசி."

"ஆமா" என்று கூண்டுக்காரன் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் நாளாகிப் போச்சு." இதற்கு மூன்று பேரும் சிரித்தார்கள், கம்பளிக்காரனும் முதுகாலேயே.

வண்டி தென்கிளை ஆற்றை ஒட்டிய பாதையில் இறங்கிக் கிழக்கே போயிற்று. ஐப்பசி மழையில் நிறைந்த தண்ணீர் பாறைகளுக்கிடையில் நுரை தள்ளிக்கொண்டு போகிற சத்தமும், கரும்புத் தோட்டங்களில் காற்று நுழைந்து சருகுகளை உரசுகிற சத்தமும், தூரத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. சக்கரச் சத்தம் மட்டும் வரவில்லை. மூங்கில் நிழல் விழுந்த இடங்களில் ஈரமண் வாசனை எழுந்து வர, வெயில் விழுந்த இடங்களில் அந்தச் சுண்ணாம்பு நெடி திரும்பித் திரும்பி மூக்கில் ஏறியது. கூண்டுக்காரன் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தான். அதோ பழைய கோட்டைச் சுவர். அதோ நவாபு தோட்டம். அதோ கஞ்சாம் போகிற வழி. அழகான இடம்தான், இல்லை என்று கரியப்பனாலும் சொல்ல முடியவில்லை. ஆற்றில் ஒரு பரிசல் தட்டாமாலை சுற்றிக்கொண்டு போயிற்று. பரிசல்காரன் வண்டி இருந்த திசையைப் பார்த்தான். பார்த்துவிட்டு எச்சில் துப்பிக்கொண்டு துடுப்பைப் போட்டான்.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. தீவு இடது கைப்பக்கம் இருந்தது.

கோயிலையானாலும் குளத்தையானாலும் சுற்றுகிறவன் அதை வலது கைப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவான். ரங்கநாதர் பள்ளிகொண்ட தீவு. இவர்கள் அதை இடப்பக்கமாகச் சுற்றினார்கள். சிதையைத்தான் அப்படிச் சுற்றுவார்கள், தோளில் தண்ணீர்க் குடத்தோடு.

"எதுக்கு இந்தப் பக்கமாப் போறீங்க?"

"எங்களுக்கு இதுதான் வழி" என்றான் கூண்டுக்காரன்.

தெரியாத மூதேவிகள், என்று கரியப்பன் முடிவு கட்டினார். இந்தக் காலத்து ஆட்களுக்கு வலம் எது இடம் எது என்று எவன் சொல்லிக்கொடுத்தான்.

மாந்தோப்பு ஒன்றில் வண்டி நின்றது. அந்தப் பெண் இறங்கிக் கட்டுச்சோற்றை அவிழ்த்தாள். வாழை இலையைக் கிழித்து ஆளுக்கொன்று போட்டாள். நுனி வலது பக்கம் வரும்படி போட்டாள். கருமாதி வீட்டில் போடுகிற மாதிரி. வெள்ளைச் சோறு, எள் கலந்தது, உருண்டை உருண்டையாக.

"சாப்பிடு சாமி."

"எனக்குப் பசியில்லை" என்றார். ஊமத்தை, ஊமத்தை என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர்களும் சாப்பிடவில்லை. இலைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கம்பளிக்காரன் அவர்களுக்கு முதுகு காட்டி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். காற்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு காக்கை இறங்கியது. பின்னால் இன்னொன்று. அவை பயப்படாமல் இலைக்கு வந்தன. முதல் காக்கை உருண்டையில் கொத்தி ஒரு வாய் எடுத்தது.

கூண்டுக்காரனின் தொண்டை ஏறி இறங்கியது.

காக்கை கொத்தியது. அந்தப் பெண்ணின் தொண்டை. கொத்தியது. மறுபடியும் அவனுடைய தொண்டை. வாய் மூடியிருந்தது, கை மடியில் இருந்தது. காக்கை விழுங்க விழுங்க இவர்கள் விழுங்கினார்கள், நாள்பட்டுப் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி, கண்ணில் தண்ணீர் வர.

கரியப்பன் எழுந்து நின்றுகொண்டார். ஏதோ வித்தைக்காரக் கும்பல். சந்தையில் இப்படித்தான் வாயைத் திறக்காமல் பேசிக் காட்டுவார்கள். வேடிக்கை பார்க்கிறவனின் மடியை இன்னொருத்தன் அறுப்பான். அவர் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நடந்தே போயிருக்கலாம். ஏன் மறுபடியும் ஏறினார் என்றால், குதிகால். அதோடு, ஓடினால் துரத்துவார்கள் என்கிற எண்ணம்.

வண்டி கிளம்பியதும், "உன் பேரென்ன?" என்று கூண்டுக்காரனை நேராகக் கேட்டார்.

"தொட்டையன்."

பூவாத்தாளின் அப்பன் பேரும் தொட்டையன்தான். அதனால் என்ன. கொள்ளேகாலத்துப் பக்கம் தெருவுக்கு இரண்டு தொட்டையன் இருப்பான். பூவாத்தாளின் அப்பன், அவள் சிறுமியாக இருக்கும்போதே, பெண்டாட்டியோடு வண்டி கட்டிக்கொண்டு இங்கே தேர் பார்க்க வந்து, பிளேக் கண்டு, ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகையில் கிடந்து செத்தவன். சுண்ணாம்பைக் கொட்டி, வேப்பிலையைப் போட்டு, எல்லோரையும் ஒன்றாகவே எரித்துவிட்டார்களாம். எது யார் எலும்பென்று தெரியாது. பிள்ளைகள் இரண்டும் ஊரில் இருந்ததால் பிழைத்தன. வளர்ந்த பிறகும் மாதப்பன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போனால் கூப்பிடுவார்கள் என்று குடித்தால் மட்டும் சொல்வான்.

சுண்ணாம்பு. வேப்பிலைப் புகை. அந்த நெடி அவருக்கு இப்போது பிடிபட்டது. பிளேக் வருஷத்தில் எல்லா ஊரிலும் அடித்த நெடி.

"சாமி" என்றாள் அந்தப் பெண், வெற்றிலையை மடித்துக்கொண்டே, சாதாரணமாக. "பூவாத்தா மூக்குத்தியைக் கெணத்துல விட்டுட்டாளே, எடுத்தீங்களா?"



பூவாத்தாள் மூக்குக் குத்தியிருக்கிறாள். மூக்குத்தி போட மாட்டாள். கல்யாணத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்ததையும் போடவில்லை. கடைசியாகக் கிளம்பும்போது அம்மா அதற்காகத்தான் வைதுவிட்டுப் போனாள் என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அது அவர் வீட்டுக்குள் இருக்கிற பேச்சு.

சத்திரத்துக் கிணற்றடியில் உளறியிருப்பாள். கண்டவளிடமெல்லாம் வாயைத் திறப்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கும்பல் பின்னாலேயே வந்திருக்கிறது. அப்படித்தான். வேறென்ன.

"எடுக்கலையா? நான் ரொம்பத்தான் வைஞ்சு போட்டேன் புள்ளையை" என்றாள் அவள். "அதுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது."

கண்ணை வேறு எங்காவது வைக்க வேண்டும் என்று கரியப்பன் முன்பலகையைப் பார்த்தார். கம்பளிக்குள்ளிருந்து நீண்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்த கை. இடது கை. சுண்டுவிரல் இருந்த இடத்தில் மொட்டையான முண்டு.

மாதப்பனின் சாம்பலைக் கிளறும்போது நினைத்துக்கொண்டார், சுண்டுவிரலைத் தேட வேண்டியதில்லை, அது சின்ன வயசிலேயே கரும்பாலையில் போய்விட்டது என்று.

ஆலை இருக்கிற ஊரில் விரல் போனவன் எத்தனையோ பேர். எத்தனையோ பேர். எத்தனையோ பேர்.

முதுகில் கலயம் சூடாக இருந்தது. வெயில், என்றார் மனசுக்குள். ஆனால் கூண்டுக்குள் முதுகில் ஏது வெயில்.

சங்கமம் வந்தது. இரண்டு கிளைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சேருகிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாகச் சுழன்றது. படித்துறையில் வேறு ஆள் இல்லை. பொழுது சாய்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் மோசம்.

எல்லோரும் இறங்கினார்கள். தொட்டையனும் அவன் பெண்டாட்டியும் தண்ணீர் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, உள்ளங்கைகளைக் குழித்து ஏந்தினார்கள்.

"ஊத்து மாதப்பா" என்றான். "எங்களுக்கும் சேத்து."

"நான் மாதப்பன் இல்லை" என்றார் கரியப்பன். குரல் அவருடையது மாதிரி இல்லை. "மாதப்பன் இதுக்குள்ள இருக்கான். நான் வேற கூட்டம். நான் காடை கூட்டம்."

அவர்கள் கோபப்படவில்லை. கையைக் கீழே போடவும் இல்லை.

"வண்டியில ஏறறப்ப அப்படிச் சொல்லலையே" என்றாள் அந்தப் பெண், வருத்தமாக.

"எங்களோட பாதித் தீவையும் சுத்தியாச்சு" என்றான் தொட்டையன்.

பின்னால் ஒரு கை வந்து முதுகு முடிச்சை அவிழ்த்தது. நாலு விரல் கை. குளிர்ந்த கை. கலயத்தை எடுத்துக்கொண்டது. கரியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கம்பளி அவரை உரசிக்கொண்டு தாண்டிப் போயிற்று. படியில் இறங்கியது. கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால். இடுப்பு. மார்பு. மூழ்கியது. கம்பளி மட்டும் தண்ணீரில் விரிந்து, மிதந்து, கரைக்கே வந்தது.

ஆள் எழவில்லை.



"அவன் பாடு தீந்துது, அவன் பேரை நீ எடுத்துக்கிட்ட" என்றான் தொட்டையன். முன்பலகையில் கிடந்த தார்க்குச்சியை எடுத்துக் கரியப்பனின் கையில் வைத்தான். "பொழுது போகுது சாமி. ஓட்டு."

கரியப்பன் அதைத் தூக்கி ஆற்றில் எறிந்தார். எறிந்த வேகத்தில் படியில் பாசி வழுக்கியது. வானம் ஒரு பக்கம் சாய்ந்தது. மூக்கில் தண்ணீர். வாயில் தண்ணீர். பச்சை. காதுக்குள் ஒரே இரைச்சல். காலை ஏதோ சுற்றியது, கம்பளியோ, கொடியோ. பிறகு கரை. எப்படி ஏறினார் என்று தெரியவில்லை, ஏறிவிட்டார்.

எலும்பு கரைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் மேற்கே நடந்தார். அவர்கள் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். கூப்பிடவில்லை. துரத்தவும் இல்லை. இவ்வளவு சுலபமாக விடுகிறவன் எதையோ எடுத்துக்கொண்டுதான் விடுவான். மடியைத் தடவினார். எல்லாம் இருந்தது.

குதிகால் வலிக்கவில்லை. வண்டியில் வந்த புண்ணியம். கஞ்சாமில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டார். அந்த அம்மாள் அவர் முகத்துக்கு நேரே வாசல் தெளித்துவிட்டு உள்ளே போனாள். பாலத்துக் காவல்காரன், எத்தனை மணி என்று கேட்டதற்கு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தான். கிழவன் பேசினால் இந்தக் காலத்தில் எவன் காதில் வாங்குகிறான். வைதுகொண்டே நடந்தார். எவ்வளவு நேரம் நடந்தார் என்று கணக்கில்லை. பசி இல்லை. களைப்பு இல்லை. ராத்திரிக்குள் வந்துவிடுங்கள் என்றாளே என்பது ஒன்றுதான்.

அக்ரஹாரத்துக்குள் நுழைந்தபோது விடிந்து, நன்றாக வெயில் ஏறியிருந்தது. கோயில் மணி அடித்தது. சத்திரத்துப் பின்பக்கத்துச் சந்து வழியாகப் போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் கிணற்றடியில் பூவாத்தாள் நின்றாள்.

பக்கத்தில் அவருடைய தம்பி சித்தையன். ஊரில் வயலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இவன் எப்போது வந்தான்? தலையை வேறு மழித்திருந்தான். மாதப்பன் செத்ததற்கு இவன் எதற்கு மொட்டை போட வேண்டும், இவனுக்கும் அவனுக்கும் என்ன பங்காளித் தீட்டு? பூவாத்தாளைப் பார்த்தார். நெற்றியில் பொட்டு இல்லை. கையில் வளையல் இல்லை. அண்ணன் செத்ததற்கு எந்த ஊரில் பொட்டை அழிக்கிறார்கள்?

"பூவாத்தா."

அவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்துட்டேன். கொஞ்சம் நேரமாகிப் போச்சு."

"அண்ணி, அழுதது போதும், சோத்தை வைங்க" என்றான் சித்தையன். "பாசியில வழுக்கி விழுந்தா இளவட்டமே ஏற முடியாதாம் அங்க. அண்ணன் என்ன பண்ணும்."

அவர் அதைக் கேட்டார். நன்றாகக் கேட்டது. திருட்டுப் பயல், என்று நினைத்தார். நான் ஒருநாள் ஊரில் இல்லை, அதற்குள் கதை கட்டி, இவளை அழவைத்து, நிலத்துக்கு வழி பண்ணிக்கொண்டான். இவளும் நம்புகிறாள். நான் இங்கே நிற்கும்போதே நம்புகிறாள்.

பூவாத்தாள் மதில்மேல் ஒரு வாழை இலைத் துண்டை வைத்தாள். நுனி வலது பக்கம். அதில் ஒரு வெள்ளை உருண்டை. கருகருவென்று எள். முகத்தை அண்ணாந்து, உடைந்த குரலில், "கா, கா" என்று கூப்பிட்டாள்.

காக்கை வந்தது. கரியப்பனின் முகத்துக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில், மதிலில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அந்தத் தெருவில் அவரைப் பார்த்த முதல் கண் அதுதான். பிறகு உருண்டையில் கொத்தி ஒரு வாய் எடுத்தது.

உப்பில்லாத சோறு. எள்ளின் கசப்பு. நாக்கில்.

வாய் மூடியிருந்தது. அவர் எதையும் தின்னவில்லை. தின்னவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எடுத்துட்டாருங்க அண்ணி" என்றான் சித்தையன். பூவாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஊமத்தை, என்று கரியப்பன் உரக்கச் சொன்னார். அந்தக் கும்பல் எப்படியோ எதிலோ கலந்து கொடுத்துவிட்டது, மயக்கம் இன்னும் தெளியவில்லை, அவ்வளவுதான். இந்தப் பொட்டில்லாத நெற்றியையும் மொட்டைத் தலையையும் அவர் நம்பத் தயாரில்லை. இந்தக் காலத்தில் கட்டினவளையும் நம்ப முடியாது, கூடப்பிறந்தவனையும் நம்ப முடியாது. மயக்கம் தெளிந்த பிறகு வந்து பேசிக்கொள்கிறேன், என்றார். போய்வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, எதற்கென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். திரும்பிச் சந்தில் நடந்தார்.

தோளில் ஈரக் கம்பளி கனத்தது. அதை எங்கே எடுத்தார் என்று ஞாபகம் இல்லை. வலது கையில் தார்க்குச்சி இருந்தது.

சந்து முடிகிற இடத்தில் கூண்டு வண்டி நின்றது. முன்பலகை காலியாக இருந்தது. படுத்திருந்த மாடுகள் அவரைக் கண்டதும் எழுந்து தலையை ஆட்டின. மணிகள் ஆடின, சத்தம் வரவில்லை. அவர் அதை நம்பாமலேயே, வேறு வழியாகப் போகிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

பின்னால், மதில்மேல், காக்கை இன்னொரு வாய் எடுத்திருக்க வேண்டும். அவர் தொண்டை ஏறி இறங்கியது.